லென்ஸைத் திருப்பிப் போட்டால்

எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று செம்பருத்தி. போன வருடம் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் அதன் கொழுந்தெல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டது. செடி வளர்ப்பவர்களுக்கு அந்த வெள்ளையை நன்றாகத் தெரியும்: மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து பீய்ச்சினேன். பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தவை பெரிதாக அசரவில்லை. அவற்றுக்கு நடுவே, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்கவிட்டபடி நடமாடிய பெரிய உருப்படிகள் சில இருந்தன. இவைதான் தலைவர்கள் போலிருக்கிறது, இவர்களை ஒழித்தால் தொண்டர்கள் கலைந்துவிடுவார்கள் என்று முடிவுகட்டி, குச்சியால் தள்ளி ஒவ்வொன்றாக நசுக்கினேன்.

அடுத்த வாரம் ஒரு சின்ன உலோக வளையம் தபாலில் வந்தது. கேமரா லென்ஸைப் பின்பக்கம் முன்னாக மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங். அதை மாட்டிச் செம்பருத்திக்கு அருகே போனேன். நான் நசுக்கியதில் தப்பிய ஒரே ஒரு 'தலைவர்' ஒரு காம்பில் ஊர்ந்துகொண்டிருந்தார். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்ததும் திக்கென்றது. வெள்ளை நூல்களுக்கு அடியில் ஆறு தெளிவான கால்கள். முன்னால் கறுத்த சிறு தலை. அந்தத் தலையின் தாடைகளுக்கு நடுவே பாதி உறிஞ்சப்பட்ட ஒரு மாவுப்பூச்சிக் குஞ்சு.

அது மாவுப்பூச்சியே அல்ல. மாவுப்பூச்சியைத் தின்று வாழும் ஒரு பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்பது அதன் பேரினப் பெயர். வளர்ந்த வண்டு 4 மி.மீ. நீளம், கரிய முதுகு, ஆரஞ்சுத் தலை. புழுப் பருவத்திலோ தன் இரையைப் போலவே மெழுகு நூல் போர்த்துக்கொண்டு இரைக்கு நடுவிலேயே திரியும். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும் அல்லவா, அந்தக் காவலர்களின் தொல்லையைக் குறைக்கவும் இந்த வேடம் உதவுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898-இல், காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனைத்தான் வரிசையாக நசுக்கியிருக்கிறேன்.

இத்தனையும் ஒரு பிரியாணி விலைக்கு வாங்கிய வளையம் காட்டிக்கொடுத்தது. அதற்கு முன் மேக்ரோ லென்ஸ் விலை விசாரித்திருந்தேன். சொன்ன தொகைக்கு வீட்டுக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜே வாங்கிவிடலாம். மலிவான வழிகளைத் தேட ஆரம்பித்தது அப்போதுதான். பூச்சியை நெருங்குவதற்குப் பணம் அதிகம் வேண்டாம் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். ஆனால் ஒளியியல் தன் கட்டணத்தை வேறு நாணயத்தில் வாங்கிக்கொள்ளும். அது பிறகு.

லென்ஸைத் திருப்பினால் ஏன் பெரிதாகத் தெரிகிறது? சாதாரண லென்ஸ் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். அதன் முன்பக்கம் தூரத்தில் கோபுரமோ ஆளோ நிற்பார்கள்; பின்பக்கம் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி சென்சார் இருக்கும். பெரியதைச் சுருக்கிச் சின்னச் சதுரத்துக்குள் அடைப்பதுதான் அதன் தொழில். ஒளிக்கு ஒருவழிப்பாதை கிடையாது, போன தடத்திலேயே திரும்பியும் வரும். ஆகவே லென்ஸைத் திருப்பிவிட்டால் சென்சார் இருந்த இடத்துக்குக் கிட்டத்தில் பூச்சி வந்து நிற்கிறது, கோபுரம் இருந்த பக்கம் சென்சார் வந்துவிடுகிறது. சுருக்கும் கருவியே விரிக்கும் கருவியாகிறது. எந்த டிஎஸ்எல்ஆர் லென்ஸைத் திருப்பினாலும் பூச்சி அதன் உலோக விளிம்பிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டரில் இருந்தால்தான் தெளியும் என்பதற்கும் இதுவே காரணம். வழக்கமாக சென்சார் இருக்கும் தூரம் அது.

50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். அதாவது 5 மி.மீ. நீள எறும்பு சென்சார் மீதும் 5 மி.மீ. நீளத்துக்கே விழும். சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சாரின் அகலம் 23 மி.மீ.; அதில் நாலைந்து எறும்புகள் வரிசையாக நின்றால் படம் நிறைந்துவிடும். கேமராவோடு வரும் 18–55 லென்ஸைத் திருப்பினால் இன்னொரு வேடிக்கை. வழக்கமாக 55-இல் பொருள் கிட்டே வரும், 18-இல் விலகிப் போகும். திருப்பிய பிறகு எல்லாம் நேர்மாறு: 18-இல்தான் உச்சப் பெருக்கம், சுமார் மூன்று மடங்கு. பள்ளியில் படித்த கணக்குதான். லென்ஸிலிருந்து உருவம் விழும் தூரத்தைக் குவியத்தூரத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் உருப்பெருக்கம். 100-ஐ 50-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் ஒன்று. வகுக்கும் எண் சிறுக்கச் சிறுக்க விடை பெருக்கும்.

திருப்பிய லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகும் என்பது இதிலுள்ள சிக்கல். ஆட்டோஃபோகஸ் போகட்டும், அது இங்கே எப்படியும் உதவாது. அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, கூட்டிக் குறைக்க முடியாமல் போவதுதான் வேதனை. அதனால் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கும் பழைய மாடல்கள் இந்த வேலைக்குத் தங்கம். ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ்கள் பலர் வீட்டுப் பீரோவில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. லேசான பூஞ்சை இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிவிடுங்கள். மதராஸின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று ஒட்டுப்போட்டுத் தானே உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதைக்கொண்டு காட்டு யானைகளைப் படமெடுத்தவர். ஒட்டுப்போட்ட கேமராவுக்கு நம் ஊரில் மரியாதையான முன்னோடி உண்டு.

திருப்ப மனம் வராதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உள்ளன. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெறும் குழாயைச் செருகுவது ஒன்று. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பார்கள். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, காற்றுதான். 50 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. முன்னால் தள்ளினால் ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும். காற்றை விலை கொடுத்து வாங்குவதாக நண்பர்கள் கேலி செய்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம். இன்னொன்று, லென்ஸின் முகப்பில் திருகும் குளோஸ்-அப் ஃபில்டர். இது கேமராவுக்கு மாட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடி, உவமையே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் 'பிளஸ் டூ பவர்' என்கிறார்களே, அதே டயாப்டர் கணக்குதான் இங்கும். பிளஸ் 10 என்றால் 10 சென்டிமீட்டர் குவியத்தூரம். மலிவானவை ஒற்றைக் கண்ணாடி என்பதால் படத்தின் ஓரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும். இரண்டு மூன்று கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்தவற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஜப்பானின் ரேனாக்ஸ் 250 இந்த வகையில் பெயர் பெற்றது.

இனி கட்டணம். முதல் தவணை, ஆழம். ஒன்றுக்கு ஒன்று பெருக்கத்தில் அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்தால் தெளிவு தங்கும் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஓர் அரிசியின் தடிமன்கூட இல்லை. இரண்டு மடங்குக்குப் போனால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். சிலந்தியின் கண் தெளிவாக இருந்தால் கால் பஞ்சாகிப் போகும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகித் தெளிவு தேடுவது இந்த அளவில் நடக்காத காரியம். கேமராவோடு உடம்பையே முன்னும் பின்னும் நூலிழை நகர்த்தி, கண் தெளிகிற கணத்தில் அழுத்த வேண்டும். மூச்சு விட்டால் படம் போச்சு. இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரல் மேல் லென்ஸைச் சாய்த்து வைத்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும்; ஒன்றுக்கொன்று ஆடாது. இந்த ஒரு வித்தை எனக்கு மூன்று மாதத் தோல்வியை மிச்சப்படுத்தியது.

"என்ன தம்பி, செடிக்கு ஊசி போடுறீங்களா?" என்று பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அக்கா ஒருநாள் கேட்டார்.

"இல்லக்கா, பூச்சிய போட்டோ எடுக்குறேன்."

"இந்தப் பூச்சியையா? எங்க தொட்டியிலயும் நெறைய இருக்கு. வந்து எடுத்துட்டே போயிடுங்க."

ஆழம் போதவில்லை என்றால் அப்பர்ச்சரை இன்னும் சுருக்கலாமே, எஃப் 16, எஃப் 22 என்று? இங்கேதான் ஆரம்பக்காரர்கள் எல்லோரும் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். ஒன்றுக்கு ஒன்று எடுக்கும்போது உருவம் வழக்கத்தைவிட இரு மடங்கு தூரத்தில் விழுகிறது. ஒளி அதற்கேற்பப் பரவி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. லென்ஸில் எஃப் 8 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அது எஃப் 16 போலத்தான் நடந்துகொள்ளும். எஃப் 16 என்றால் எஃப் 32. துளை இவ்வளவு சிறுத்தால் விளிம்பு விளைவு தலைகாட்டும். துளையின் விளிம்பில் ஒளியலை வளைந்து பரவுவதால், ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழும். எஃப் 32-இல் அந்த வட்டத்தின் குறுக்களவு 40 மைக்ரானைத் தாண்டுகிறது. சென்சாரின் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான். அதாவது, ஒரு பிக்சலில் உட்கார வேண்டிய மயிர்க்கால் பத்துப் பிக்சலுக்குக் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. லட்ச ரூபாய் லென்ஸானாலும் பழைய சாமான் கடை லென்ஸானாலும் இதிலிருந்து தப்பாது. எண்ணை எஃப் 8 பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டருக்குள் என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்வதே மேல்.

பூச்சி அசையாமல் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. தெளிவின் இடத்தை நூல் நூலாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் பொறுக்கிக் கணினியில் ஒன்றாகத் தைப்பது. இதற்கு இலவச மென்பொருள்களே உண்டு. இதற்கேற்ற நேரம் விடியற்காலை. பூச்சிகளின் உடல் சூடு வெளிக்காற்றைப் பொறுத்தது; குளிரில் விறைத்து, பனித்துளி சுமந்து, வெயில் வரும்வரை அப்படியே இருக்கும். பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரக்கவைத்து எடுக்கிறவர்களும் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. ஐந்தரை மணிக்கு அலாரம் வைக்க முடியாதவர் வேறு பொழுதுபோக்கு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தவணை, வெளிச்சம். நான்கில் மூன்று பங்கு ஒளியை இழந்த பிறகு, பூச்சியும் ஓடுகிறது, கையும் ஆடுகிறது என்றால் ஃபிளாஷ் தவிர வழியில்லை. அதை முழுச் சக்தியில் அடிக்கத் தேவையில்லை. சக்தியைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரமும் குறையும். முப்பத்திரண்டில் ஒரு பங்கில் வைத்தால் பத்தாயிரத்தில் ஒரு நொடி அளவுக்கு வந்துவிடும். ஓடுகிற எறும்பை நிறுத்த அது போதும். ஆனால் வெறும் ஃபிளாஷ் அடித்தால் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும். வண்டின் முதுகு என்பது ஒரு குவியாடி. எதிரே இருக்கும் விளக்கைத்தான் அது காட்டும். விளக்கு சின்னதாக இருந்தால் பொட்டு, பெரிதாக இருந்தால் மென்மையான பளபளப்பு. பெரியது சின்னது என்பதும் வண்டின் கண்ணளவில்தான். பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை ஃபிளாஷுக்கு முன் ஒட்டி, பூச்சிக்கு எட்டு சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால், அதற்கு அது மேகம் கவிந்த முழு வானம். நான் லென்ஸுக்குச் செலவழித்ததைவிட இந்த மூடிக்குச் செலவழித்த பொழுதுதான் அதிகப் பலன் தந்தது. மலிவு லென்ஸில் எடுத்த படம் மலிவாகத் தெரிந்தால், முக்கால்வாசி நேரம் குற்றவாளி வெளிச்சம்தான்.

கேமராவே இல்லை, போன்தான் இருக்கிறது என்பவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. செத்துப்போன டிவிடி பிளேயரைப் பிரித்தால், தட்டைப் படிக்கும் லேசருக்கு முன்னால் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு லென்ஸ் இருக்கும். குவியத்தூரம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதைப் போன் கேமராவின் கண் மீது ஒட்டினால், போனின் சின்ன சென்சாரில் எறும்பின் உடல் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு பெருக்கம் வேண்டாம் என்றால் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகும் லென்ஸ் போதும். சில போன்களில் 'மேக்ரோ கேமரா' என்று 2 மெகாபிக்சலில் தனியாக ஒரு கண் வைத்து விற்கிறார்கள். அதன்மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். டிவிடி லென்ஸ் பத்து மடங்கு யோக்கியமானது.

ஒற்றைச் சிறு லென்ஸை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹூக் என்ற ஜவுளி வியாபாரி, மணியளவுள்ள ஒற்றை லென்ஸை உலோகத் தகட்டில் பொருத்தி 1670-களில் குளத்து நீரில் நுண்ணுயிர்களைக் கண்டார். அந்தக் காலத்தில் பல லென்ஸ்களைச் சேர்த்துச் செய்த நுண்ணோக்கிகளும் இருந்தன. ஆனால் அன்று கண்ணாடி கூடக் கூட நிறக் கசிவும் மங்கலும் கூடின; ஜவுளிக்காரரின் ஒற்றை மணி அவற்றை மிஞ்சியது. எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று 260 மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். நம் காலத்தில் மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டில் தன் குழுவோடு காகிதத்தை மடித்துச் செய்த ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கியும் அதே ஒற்றை மணி யோசனைதான். அதை அவர்கள் 2014-இல் வெளியிட்டார்கள்.

அருகே போனால் என்னதான் தெரியும்? மாடிச் சுவரில் தத்தித் திரியும் குதிக்கும் சிலந்தியிலிருந்து தொடங்கலாம். ஈப்புலி என்று அதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. எட்டுக் கண்களில் முன்னால் நடுவே இருக்கும் இரண்டும் மோட்டார் பைக் விளக்கு மாதிரி. அந்தக் கண்களின் லென்ஸ் தலை ஓட்டோடு பதிந்தது, அசையாது. உள்ளே இருக்கும் நீண்ட குழாயும் அதன் கடைசியில் உள்ள விழித்திரையும்தான் இடம் வலமாக நகர்கின்றன. தொடர்ந்து படமெடுத்தால் ஒரு படத்தில் கண் கருகருவென்றும் அடுத்ததில் ஓரம் பழுப்பாகவும் இருக்கும். அது வேறெங்கோ பார்வையைத் திருப்பிவிட்டது என்று பொருள். ஓடிப்போகாமல் நம்மைத் திரும்பிப் பார்க்கும் பூச்சிகள் குறைவு, இது பார்க்கும். பார்த்துவிட்டுச் சில சமயம் லென்ஸ் மீதே தாவும்.

கும்பிடுபூச்சியின் கண்ணில் வேறொரு மாயம். எந்தப் பக்கம் போய் எடுத்தாலும் ஒரு கரும்புள்ளி நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். அங்கே கருவிழி எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு கண்குழல்கள் சேர்ந்தது அந்தக் கூட்டுக்கண். நமக்கு நேராக நிற்கும் குழல்கள் நம் பக்கத்து ஒளியை உள்ளே விழுங்கிவிடுகின்றன, ஆகவே கறுப்பு. சாய்ந்து நிற்பவை ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, ஆகவே பச்சை. நாம் நகர நகர, நேராக நிற்கும் குழல்கள் மாறுகின்றன, புள்ளியும் நகர்கிறது.

ஓடாத பொருள் வேண்டுமென்றால் தொட்டி ஓரத்தில் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்காமல் விட்டுவையுங்கள். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு கூடைப் பூ. ஓரத்தில் வெளிர் மஞ்சளாக, நுனியில் மூன்று பல் வெட்டிய இதழ் ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவே மஞ்சள் பொட்டாகத் தெரிவது பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட குழாய்ப் பூக்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசைப்படி திறக்கும். ஒவ்வொன்றின் வாயும் ஐந்து முனை நட்சத்திரம்.

மறுபடி செம்பருத்திக்கே வருகிறேன். மாவுப்பூச்சியில் சிலவற்றைப் படத்தில் பெரிதாக்கியபோது, உப்பி வறண்ட உடம்பில் சீராக வெட்டிய ஒரு வட்ட ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய வாசல் அது. அந்தக் குளவிகளின் அருமை கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் விவசாயிகளுக்குத் தெரியும். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி என்ற அயல்நாட்டுப் பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி நாசம் செய்தது. மருந்தடித்துப் பார்த்தார்கள், மெழுகுப் போர்வைக்குள் அது இறங்கவில்லை. 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றில் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி வேலையை முடித்தது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறும் கண்ணுக்குத் தூசி.

அந்த அளவிலுள்ள ஒரு குளவி என் செம்பருத்தியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது. உணர்கொம்பு மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் பஞ்சு. நல்ல படம் இல்லைதான். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் நான் எதையும் பீய்ச்சவில்லை. பொறிவண்டுகள் திரும்பி வந்தன, ஆனி முடிவதற்குள் கொழுந்து பச்சையானது.

ரிங் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸில் 50 என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான் முதலில் தவறான வளையம் ஒன்றை வாங்கிவிட்டேன். அது இன்றும் மேசை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. 50 என்பது குவியத்தூரம். நமக்கு வேண்டியது லென்ஸ் முகப்பின் விட்டம். குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டக் குறிக்குப் பக்கத்தில் 49, 52, 58 என்று ஏதாவது அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணையும் உங்கள் கேமராவின் மவுன்ட் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.